நூறு லாரிக் கல்லுக்கு ஒரு பவுன்

தை மாதத்தில் மாமல்லபுரம் கடற்கரையில் நடந்தால் மணலில் கரிய கோடுகள் தெரியும். அலை ஏறி இறங்கும் விளிம்பை ஒட்டி, யாரோ கரித்தூளில் கோலம் இழுத்ததுபோல வளைந்து வளைந்து போகும். முதல் தடவை பார்ப்பவர்கள் கப்பலிலிருந்து கசிந்த எண்ணெய் என்பார்கள். சந்தேகப் பிராணிகள் ஓட்டல் சாக்கடை என்பார்கள். என் சட்டைப்பையில் பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று இருக்கும். அதைப் பாலித்தீன் பையில் சுற்றி அந்தக் கோட்டில் புரட்டினால் கரிய மணிகள் எழுந்து நின்று காந்தத்துக்குத் தாடி முளைத்துவிடும். பையோடு தூக்கி, காந்தத்தை மட்டும் உருவினால் தாடி பொலபொலவென்று உதிரும். பேரன் பேத்திகளை அரை மணி நேரம் கட்டிப்போட இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

ஒட்டுவது மேக்னடைட் என்ற இரும்புத் தாது. ஒட்டாமல் தங்கும் கருப்பில் பெரும்பகுதி இல்மனைட், அதாவது டைட்டானியம் கலந்த இரும்புத் தாது. மாதுளை முத்து நிறத்தில் மினுக்குவது கார்னெட். இன்னும் தெற்கே கல்பாக்கம் பக்கம் போனால் தோரியம் கலந்த மோனசைட் மணிகளும் உண்டு. எல்லாம் ஏதோ ஒரு பாறையிலிருந்து உதிர்ந்து, ஆறு இழுத்து வந்து கடலில் தள்ளியவை. வெள்ளை மணலோடு கலந்து வந்தவற்றைத் தனித்தனியாகப் பிரித்து வைத்தது யார் என்பதுதான் விஷயம்.

வீட்டில் அரிசியில் கல் அரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியாமல் போகாது. பாத்திரத்தைச் சாய்த்து, தண்ணீரைச் சுழற்றி, அரிசியை அடுத்த பாத்திரத்துக்கு வழியவிடுவார் அம்மா. கடைசியில் அடியில் கல் தங்கும். அரிசி லேசு, கல் கனம். தண்ணீர் லேசானதைத் தூக்கிக்கொண்டு போகும். கடற்கரையில் அலை அதையே இரவும் பகலும் செய்கிறது. ஏறும்போது எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு வரும். இறங்கும்போது பாதித் தண்ணீர் மணலுக்குள் வடிந்துவிடுவதால் வேகம் குறைவு; லேசான, பெரிய மணிகளை மட்டுமே திரும்ப இழுக்க முடியும். கனமான பொடி மணிகள் பெரியவற்றின் இடுக்கில் பதுங்கிக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழை நாட்களின் முரட்டு அலை இந்த வேலையை இன்னும் சுத்தமாகச் செய்துவிட்டுப் போவதால்தான் தை மாதத்தில் கோடுகள் பளிச்சென்று தெரிகின்றன.

தங்கம் அரிப்பதும் இதேதான். தமிழில் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல் இருப்பது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன்.

தண்ணீருக்குள் ஏன் இது இவ்வளவு நன்றாக நடக்கிறது? வெங்கச்சங்கல் என்று கிராமத்தில் சொல்கிற குவார்ட்ஸ் தண்ணீரைப்போல 2.65 மடங்கு கனம். தங்கம் 19.3 மடங்கு. தரையில் வைத்துத் தூக்கினால் தங்கம் ஏழு மடங்குதான் அதிகம். தண்ணீருக்குள் போட்டால் ஒவ்வொன்றும் தான் விலக்கிய தண்ணீரின் எடையை இழக்கும்: குவார்ட்ஸுக்கு மிஞ்சுவது 1.65, தங்கத்துக்கு 18.3. வித்தியாசம் பதினொரு மடங்காகிவிடுகிறது. ஆர்க்கிமிடீஸ் பெயரைக் கேள்விப்படாத மலைவாசிகள் மரத்தட்டும் ஓடைத் தண்ணீருமாகக் குந்தி உட்கார்ந்து செய்தது இந்தக் கணக்கைத்தான்.

அந்த ஓடைகளைப் பார்க்கத்தான் நீலகிரிக்குப் போனேன். அதற்கு முன்பு செங்கல்பட்டில் ஒரு லாரிக் கணக்கை முடித்துவிடலாம்.

எங்கள் ஊரில் சாலையில் பாதி டிப்பர் லாரிகள். கல்குவாரியிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு புழுதி கிளப்பிப் போகும். அந்தக் கருநீலக் கல்லில் பெரும்பாலானது சார்னோக்கைட். கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்திருந்த பலகை இந்தக் கல். அது சென்னைப் பக்கத்துப் பாறை என்று கண்டு, 1893-இல் அவர் பெயரையே பாறைக்குச் சூட்டினார் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட். பரங்கிமலையும் பல்லாவரமும் இந்தப் பாறையின் தாய்வீடு. உலகத்தில் எங்கே இந்தப் பாறை அகப்பட்டாலும் புவியியல் மாணவர்கள் பல்லாவரத்தை ஒருமுறை நினைத்துத்தான் ஆக வேண்டும்.

இந்த ஜல்லியில் தங்கம் இருக்கிறதா? இருக்கிறது. எந்தப் பாறையிலும் இருக்கிறது. பூமியின் மேலோட்டில் சராசரியாக ஒரு டன் பாறைக்குச் சில மில்லிகிராம் தங்கம் உண்டு. நான்கு மில்லிகிராம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பவுனுக்கு, அதாவது எட்டு கிராமுக்கு, இரண்டாயிரம் டன் கல் வேண்டும். லாரிக்கு இருபது டன் என்றால் நூறு லாரி. செங்கல்பட்டுப் புறவழிச்சாலையில் வரிசையாக நிற்கும் நூறு லாரிக் கல்லையும் மாவாக இடித்து, ஒரு துளி சிந்தாமல் அரித்தெடுத்தால் ஒரு பவுன். டீசல் செலவுக்கே நாலு பவுன் விற்க வேண்டியிருக்கும்.

ஆகவே “இங்கே தங்கம் இருக்கிறதா?” என்று கேட்பவருக்கு எங்கேயும் “இருக்கிறது” என்றுதான் பதில். எத்தனை லாரிக்கு ஒரு பவுன் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இந்த இரண்டு கேள்விக்கும் வித்தியாசம் தெரியாமல் 1880-இல் லண்டன் நகரமே ஏமாந்த கதை நம் கூடலூர் மலைச்சரிவில் நடந்தது.

*

ஊட்டியிலிருந்து நடுவட்டம் வழியாகக் கூடலூருக்கு இறங்கும் சாலையில் பாதி தூரம் எனக்குப் பழகிய கல்தான். நீலகிரி மலைத்தொகுதியும் சார்னோக்கைட். பல்லாவரத்துக் கல்லைப் போலவே சுமார் 250 கோடி ஆண்டு வயது. மலையின் வடக்கு விளிம்பில் மோயாற்றை ஒட்டிப் பூமியே ஒருகாலத்தில் அறுபட்டு நகர்ந்திருக்கிறது. அந்த அறுப்பைத் தாண்டினால் வரிவரியான நைஸ் பாறை தொடங்குகிறது. கூடலூர், நாடுகாணி, தேவாலா, பந்தலூர் எல்லாம் அதன்மேல்தான். இந்தப் பகுதி தென்கிழக்கு வயநாடு என்ற பெயரில் மலபாரோடு இருந்தது. 1877-இல்தான் நீலகிரி மாவட்டத்தில் சேர்ந்தது.

தேவாலாவில் ஜீப் பிடித்தேன். இங்கே ஜீப் சாகச வண்டி கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், பச்சைத் தேயிலை மூட்டை, பிரசவத்துக்குப் போகும் பெண், எல்லோருக்கும் அதுதான் பஸ். ஓட்டுநர் ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய அப்பா அம்மா சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள். அப்படித் திரும்பி வந்த குடும்பங்களுக்காக அரசு உண்டாக்கிய தேயிலைத் தோட்டங்கள்தான் கூடலூர், பந்தலூர் சுற்றுவட்டாரத்தில் இன்றைக்கும் பரந்து கிடக்கின்றன.

“தங்கச் சொரங்கம் பாக்கவா சார்? எல்லாரும் தங்கம் பாக்கணும்னுதான் வர்றாங்க. நாங்க கொழுந்து கிள்ளுறதுக்குக் கீழதான் பூரா ஓட்டை.”

புரட்டாசி மாதம். தேவாலா தமிழ்நாட்டிலேயே அதிகமாக மழை கொட்டும் ஊர்களில் ஒன்று. தென்மேற்குப் பருவத்தில் மாநில மழைப்பட்டியலின் தலையில் பெரும்பாலும் இந்தப் பெயர் இருக்கும். தோட்டப் பாதை சிவந்த கூழாகக் கிடந்தது. இரண்டாவது வளைவிலேயே பின்சக்கரம் நின்ற இடத்தில் சுழன்றது. அவர் இறங்கவில்லை, பதறவுமில்லை. சின்ன கம்பியை இழுத்து நான்கு சக்கரத்துக்கும் விசையைக் கொடுத்து, “லோ”வில் போட்டார். வண்டி எருமை மாதிரி மெதுவாக, உறுதியாக ஏறியது. வழுக்கும் தரையில் ஒரு சக்கரம் எவ்வளவு உந்தலாம் என்பதைத் தரையின் பிடிமானம்தான் தீர்மானிக்கிறது. எஞ்சினின் பலம் அதற்கு அப்புறம்தான். இரண்டு சக்கரத்தின் தலையில் ஏற்றிய வேலையை நான்கு பங்கிட்டுக்கொண்டால் எந்தச் சக்கரமும் பிடிமானத்தைத் தாண்டாது. வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டுவது “லோ”. மாட்டு வண்டிக்காரர்கள் செங்குத்து ஏற்றத்தில் கூடுதல் ஜோடி மாடு பூட்டிய அதே யோசனை.

இந்தச் சிவப்புச் சேற்றை நான் சும்மா வர்ணிக்கவில்லை. கதையின் வில்லன் அதுதான்.

*

மண்ணுக்கு வருவதற்குமுன், தங்கம் பாறையில் எப்படி ஏறியது? பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், 300 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில், ஆவியாக முடியாத அளவு அழுத்தத்தில் தண்ணீர் பாறை இடுக்குகளில் ஊர்கிறது. அதில் கந்தகம் கலந்திருந்தால் தங்கம் கந்தகத்தோடு சேர்ந்துகொண்டு கரையும். டன் டன்னாகப் பாறையிலிருந்து கிராம் கிராமாகத் திரட்டிக்கொண்டு அந்தத் தண்ணீர் விரிசல்கள் வழியே மேலேறும். நிலநடுக்கத்தில் விரிசல் சட்டென்று வாய் பிளந்தால் அழுத்தம் ஒரேயடியாக விழும். குக்கரின் வெயிட்டைத் தூக்கியதுபோலத் தண்ணீர் ஆவியாகிவிடும். கரைந்திருந்த சிலிக்கா குவார்ட்ஸாக உறையும், கூடவே தங்கமும் இறங்கும். ஆஸ்திரேலியாவின் வெதர்லி, ஹென்லி இருவரும் 2013-இல் இப்படிக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 2024-இல் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் இன்னொன்று சொன்னார்கள்: குவார்ட்ஸை அழுத்தினால் அதில் மின்னழுத்தம் பிறக்கும் (கேஸ் அடுப்பு லைட்டரில் “டிக்” என்று பொறி பறப்பது இந்தக் குணத்தால்தான்), நிலநடுக்கம் குவார்ட்ஸை நசுக்கும்போதெல்லாம் அந்த மின்சாரம் தங்கத்தைத் துளித்துளியாகப் பூசுகிறது, ஏற்கெனவே பூசிய இடத்திலேயே மேலும் மேலும் சேர்க்கிறது என்று. ஆய்வகத்தில் செய்தும் காட்டினார்கள். வெறும் வெள்ளைக் கல்லின் நடுவே திடீரென்று ஒரு தங்கக் கட்டி ஏன் இருக்கிறது என்பதற்கு இது நல்ல விளக்கம்.

மாமல்லபுரத்துச் சிற்பி வெள்ளை ரேகை ஓடிய கல்லைத் தொட மாட்டார். உளி அங்கே போய் ஏமாற்றும், சிலை பிளக்கும். சுரங்கக்காரனுக்கு அந்த ரேகைதான் தெய்வம்.

அந்தத் திரவம் எங்கிருந்து வந்தது என்பதில் பல கருத்துகள். எனக்குப் பிடித்த கருத்து, சார்னோக்கைட் மாதிரியான ஆழ்பாறைகள் உருவானபோது அவற்றிலிருந்து பிழிந்து வெளியேறிய திரவமே மேலே தங்க ரேகைகளைப் போட்டது என்பது. சார்னோக்கைட் வறண்ட பாறை. கனிமங்களுக்குள் தண்ணீர் ஏறக்குறைய இல்லை. அந்தக் கருத்து சரியாக இருந்தால் எங்கள் குவாரி லாரியில் போவது செக்கில் ஆட்டி முடித்த புண்ணாக்கு. எண்ணெய் எங்கேயோ மேலே போய்விட்டது. முடிந்த முடிவு என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனாலும் செங்கல்பட்டுக்காரனுக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் தரும் கருத்து.

*

இப்போது சேறு. கூடலூர் மாதிரிக் கொட்டும் மழையிலும் வெயிலிலும் பாறை லட்சக்கணக்கான ஆண்டு ஊறினால் கரையக்கூடியது எல்லாம் கரைந்து போகும். மிஞ்சுவது களிமண்ணும் இரும்புத் துருவும். இந்தச் செம்புரைக் கல்லைப் பற்றி முதலில் எழுதி, லாட்டரைட் என்று பெயர் வைத்த ஃபிரான்சிஸ் புக்கானன் அதைக் கண்டது இங்கிருந்து அதிக தூரமில்லாத அங்காடிப்புரத்தில். தங்கம் எளிதில் கரையாது. சுற்றியுள்ள பாறை கரைந்து கரைந்து குறைய, தங்கம் இருந்த இடத்திலேயே தங்கி அடர்த்தியாகும். பாலைச் சுண்டக் காய்ச்சினால் இனிப்பு கூடுவது மாதிரி. அதோடு, ஆழத்தில் தங்கம் பெரும்பாலும் பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமத்துக்குள் சிறைப்பட்டிருக்கும். மேலே அந்தப் பைரைட் துருப்பிடித்துச் சிதைந்துவிடுவதால் தங்கம் விடுதலையாகிக் கிடக்கும். மரத்தட்டில் அரித்தாலே வரும். பாதரசத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும்.

ஆக மேல்மண் சொல்லும் கணக்கு வேறு, ஐம்பதடிக்குக் கீழே பாறை சொல்லும் கணக்கு வேறு. குறும்பர்களும் பணியர்களும் தலைமுறை தலைமுறையாக ஓடையிலும் மேல்மண்ணிலும் அரித்து வயிறு கழுவியது உண்மை. அதே அடர்த்தி பாறைக்குள்ளும் இருக்கும் என்று நம்பியது பொய்த்தது. எங்கள் ஜீப்பை வழுக்கவைத்த சேறு 1880-இல் லண்டன் பங்குச் சந்தையையும் வழுக்கவைத்தது.

நடந்தது இதுதான். 1831-லேயே மலபார் கலெக்டர் ஷெஃபீல்டு இந்தத் தங்கத்தைப் பற்றி அறிக்கை எழுதினார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1860-களில் ஆஸ்திரேலியத் தங்க வயல்களைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் தேவாலாவில் குவார்ட்ஸ் ரேகைகளைக் கண்டார்கள். 1874-இல் அல்ஃபா என்ற கம்பெனி கிளம்பியது. அடுத்த ஆண்டு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் முதல் குறிப்பை வெளியிட்டார். இந்த கிங் எங்களுக்கு வேண்டப்பட்டவர். 1863-இல் பல்லாவரத்துச் செம்மண் சரளையில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்து இந்தியாவின் பழங்கற்கால வரலாற்றைத் தொடங்கிவைத்தாரே, சில மாதம் கழித்து அத்திரம்பாக்கத்தில் ஃபூட்டோடு சேர்ந்து மேலும் கருவிகளைக் கண்டவர் கிங். லாட்டரைட்டில் கண் பழகிய மனிதர்.

அப்புறம் வந்தார் ராபர்ட் ப்ரோ ஸ்மித். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்தவர். அந்த மாகாணத்துத் தங்க வயல்களைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதியவர். கீழ் வேலை பார்த்தவர்கள் கொடுத்த புகாரில் விசாரணை வந்து பதவியை விட்டவர். இந்திய அரசு அவரை அழைத்தது. 1880-இல் அவர் கொடுத்த அறிக்கை எத்தனையோ ரேகைகளைப் பட்டியலிட்டது, நம்பிக்கை ததும்ப எழுதியிருந்தது. லண்டனில் நாற்பதை ஒட்டிய எண்ணிக்கையில் கம்பெனிகள் முளைத்தன. பெயரளவு மூலதனம் சுமார் ஐம்பது லட்சம் ஸ்டெர்லிங் பவுண்டு.

அந்தப் பணம் எங்கே போனது என்பதில்தான் சுவாரசியம். வயநாட்டில் காப்பித் தோட்டக்காரர்கள் தண்டுதுளைப்பானாலும் இலைத்துரு நோயாலும் நொந்துபோயிருந்த காலம். செத்துக்கொண்டிருந்த காப்பித் தோட்டம் ஒரே இரவில் தங்க வயலாகியது. கம்பெனிப் பணத்தின் பெரும்பங்கு தோட்டத்தை வாங்குவதற்கும் இடைத்தரகர்களுக்குமே சரியாகப் போயிற்று. பாறையைத் தோண்ட மிஞ்சியது கொஞ்சம். இருந்தாலும் இங்கிலாந்திலிருந்து இயந்திரம் வந்தது. மேற்குக் கரையில் இறக்கி, நிலம்பூர் வழியாகக் கார்கூர் கணவாயில் மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். நான்கு சக்கர விசை இல்லாத காலத்தில், இதே சேற்றில், டன் கணக்கான இரும்பு. எவ்வளவு மாடு செத்திருக்கும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

வந்த இயந்திரம் நமக்குத் தெரிந்த உரல் உலக்கைதான், இரும்பில். வரிசையாக நிற்கும் இரும்பு உலக்கைகளை ஒரு சுழல்தண்டு தூக்கித் தூக்கிப் போடும், கல் மாவாகும், மாவைத் தண்ணீரில் கரைத்துப் பாதரசம் பூசிய செப்புத் தகடுமேல் ஓடவிடுவார்கள், தங்கம் ஒட்டும். உலக்கைகள் இடித்தன, தகடுகள் காத்திருந்தன. ஒட்டியது மிகக் கொஞ்சம். பைரைட்டுக்குள் ஒளிந்த தங்கத்தைப் பாதரசத்தால் தொட முடியாது. அதற்குத் தோதான சயனைடு முறையை கிளாஸ்கோவில் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் கண்டுபிடித்தது 1887-இல். அதற்குள் இங்கே எல்லாம் முடிந்துவிட்டது. 1882-இலிருந்து கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. பந்தலூரில் வெள்ளைக்காரர்களுக்கு ஓட்டலும் குதிரைப் பந்தயத் திடலும்கூட அமைந்திருந்தன. மழை அவற்றைத் தின்றுவிட்டது. கடைசியில் ஹேடனும் ஹாட்ச்சும் பழைய சுரங்கங்களை முறையாக மாதிரி எடுத்துச் சோதித்து 1901-இல் அறிக்கை கொடுத்தார்கள். தங்கம் உண்டு, லாபத்துக்குக் காணாது. சயனைடு கையில் இருந்தும் அதே முடிவுதான்.

ப்ரோ ஸ்மித்தைத் திட்டிவிட்டுப் போவது எளிது. குவார்ட்ஸ் ரேகையில் மாதிரி எடுப்பது புளியோதரையில் வேர்க்கடலை தேடுவது போல: ஒரு கைப்பிடியில் நாலு வரும், அடுத்ததில் ஒன்றும் இராது. ஒரே ஒரு தங்கத் துகள் மாதிரிக்குள் விழுந்தால் அந்த ரேகை முழுவதும் பணக்கார ரேகையாகிவிடும். நூற்றுக்கணக்கில் மாதிரி எடுத்துச் சராசரி பார்த்தால்தான் மாயை விலகும். பங்கு விற்பவர் எந்தக் கைப்பிடியைக் காட்டுவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

*

அதே ஆண்டுகளில், அதே லண்டன் பணத்தில், அதே பேராசையில் தொடங்கியதுதான் கோலார். அங்கேயும் முதலில் கைதான் சுட்டது. மைசூர் கம்பெனியின் பணம் ஏறக்குறைய தீர்ந்துவிட்ட நிலையில், ப்ளம்மர் என்ற சுரங்க அதிகாரி பழங்காலத்தார் தோண்டிவிட்ட குழிகளுக்கும் கீழே இறங்கிப் பார்த்தார். சாம்பியன் ரேகை அகப்பட்டது. தொடக்க காலத்தில் டன்னுக்கு 47 கிராம் வரை இருந்ததாகச் சொல்வார்கள்: எங்கள் லாரிக் கணக்கில் நூறு லாரி வேண்டாம், ஒரு மாட்டு வண்டிப் பாரத்திலேயே ஐந்தாறு பவுன். வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்து போன தமிழர்கள் அதை மூன்று கிலோமீட்டருக்கும் கீழே துரத்திக்கொண்டு போனார்கள். சுமார் நூற்றிருபது ஆண்டில் வந்த தங்கம் ஏறத்தாழ 800 டன். பத்துக் கோடி பவுன். 2001 பிப்ரவரி 28 அன்று மூடியபோது டன்னுக்கு மூன்று கிராமையொட்டி இறங்கியிருந்தது. இடையில் 1965-இல், அந்த ஆழத்தில் வேறு கதிர்கள் எட்டாத அமைதியைப் பயன்படுத்தி, காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களை அங்கே பிடித்தார்கள். அதே ஆண்டு அதே வேலையைச் செய்த இன்னொரு இடமும் ஒரு தங்கச் சுரங்கம்தான், தென்னாப்பிரிக்காவில்.

கடலை நம்பிக் கெட்டவரும் உண்டு. காற்றிலிருந்து அம்மோனியா எடுத்த ஃபிரிட்ஸ் ஹேபர், முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி கட்ட வேண்டிய அபராதத்தைக் கடல்நீரில் கரைந்த தங்கத்தால் கட்டிவிடலாம் என்று கிளம்பினார். கப்பலிலேயே ஆய்வகம் வைத்து அட்லாண்டிக் கடந்தார். பழைய அளவீடுகள் பாத்திரத்திலும் ரசாயனத்திலும் ஒட்டியிருந்த தங்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்டவை என்று கண்டுபிடித்ததுதான் மிச்சம். கடலில் பத்துக் கோடி டன் தண்ணீருக்கு ஒரு கிராம் என்பது இன்றைய கணக்கு.

*

தோட்டத்தாரிடம் சொல்லிவிட்டு, பாதையை ஒட்டிய ஒரு சுரங்க வாயருகே நின்றோம். ஆள் குனிந்து நுழையும் அளவு வளைவு, மேலே பெரணி, உள்ளேயிருந்து சில்லென்ற காற்று. வாசலில் வழியும் தண்ணீர் துருச் சிவப்பு. உள்ளே இன்னும் பைரைட் காற்றையும் தண்ணீரையும் சேர்த்துக் கந்தக அமிலமாகவும் துருவாகவும் மாறிக்கொண்டிருக்கிறது. அந்த வேலைக்கு அது தின்பது ஆக்சிஜனை. ஆகவே பழைய சுரங்கத்தில் விஷவாயு வர வேண்டியதே இல்லை. மூச்சுக்காற்று குறைந்தாலே போதும். செங்கல்பட்டுப் பக்கம் பாழுங்கிணற்றில் தூர் வார இறங்கியவர்கள் ஒருவர் பின் ஒருவராக விழுவது இதே போன்ற காற்றால்தான். தலை சுற்றுவது தெரிவதற்குள் கால் மடங்கிவிடும். இங்கேயும் ரகசியமாகத் தங்கம் தேடி நுழைந்தவர்கள் உயிரோடு வராத சம்பவங்கள் உண்டு.

“உள்ள போகாதீங்க சார்” என்றார் ஓட்டுநர். நான் வாசலைத் தாண்டுவதாக இல்லை. ஆனாலும் அவர் என் சட்டையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டார்.

கீழே ஓடையில் அவர் தன் சாப்பாட்டுத் தட்டைக் கொடுத்தார். அம்மா செய்வதுபோலச் சாய்த்துச் சுழற்றினேன். இரண்டு நிமிஷத்தில் வெள்ளை மணல் போய்விட்டது. மூன்றாவது நிமிஷத்தில் தட்டில் கருப்பு வால் ஒன்று மிஞ்சியது. காந்தத்தைப் புரட்டினேன். தாடி.

“தங்கம் இருக்கா?”

இரண்டு பேரும் வெயிலில் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். மினுக்கியதெல்லாம் மைக்கா. பாண்டியாறு, புன்னம்புழா என்று சேர்ந்து இந்த ஓடைகள் சாலியாற்றில் விழுகின்றன. நிலம்பூரில் இன்னும் சிலர் அதில் அரிக்கிறார்கள். மிச்சம் பேப்பூரில் அரபிக் கடலுக்குப் போகிறது.

எங்கள் பக்கத்துப் பாலாறு மட்டும் என்ன சளைத்ததா? நந்தி மலையில் பிறந்து கோலார் மாவட்டத்துக்குள் வருகிறது. தங்க வயலுக்குக் குடிநீர் கொடுத்த பேத்தமங்கலம் ஏரி அதன்மேல்தான் இருக்கிறது. அங்கிருந்து வாணியம்பாடி, வேலூர், செங்கல்பட்டு என்று வந்து கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலில் சேர்கிறது. ஆண்டில் பெரும்பகுதி இந்தக் கரையில் நீரோட்டம் மணலை வடக்கே தள்ளுவதால் பாலாற்று மணல் மாமல்லபுரம் வரை வருவதில் வியப்பில்லை. கோலார் தங்கம் ஒரு துகளாவது கூட வந்திருக்குமா? தண்ணீருக்குள் பதினொரு மடங்கு என்று பார்த்தோமே, அதுதான் தடை. தங்கம் முதல் வளைவிலேயே, முதல் பாறை இடுக்கிலேயே உட்கார்ந்துவிடும். முந்நூறு கிலோமீட்டர் வண்டல் நடையில் கடைசிவரை வருவது மேக்னடைட், இல்மனைட், கார்னெட் போன்ற நடுத்தரக் கனமுள்ளவை.

தட்டில் மிஞ்சிய தேவாலாக் கருப்பை ஒரு மருந்துக் குப்பியில் போட்டுக்கொண்டு வந்தேன். அலமாரியில் மாமல்லபுரத்துக் குப்பியோடு சேர்த்து வைத்தேன். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து இரண்டின் சீட்டும் உதிர்ந்துவிட்டன. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்தால் ஒரு குப்பியில் மணிகள் கூர்முனையோடு, சிலவற்றில் எட்டு முகமும் அப்படியே இருக்கின்றன. இன்னொன்றில் எல்லாம் கடுகுபோல உருண்டுவிட்டிருக்கின்றன.